கொள்ளைநோய்க் காலத்து ஆவணக் காவலர்

அரசாங்கம் அச்சிடும் நூல்களை விரும்பிப் படிப்பார் அரியர். குடிக்கணக்கும், சட்டசபை நடவடிக்கையும், இறப்புப் பட்டியலும் காவியம்போல் இனிப்பன அல்ல. ஆயினும் அவற்றைப் பேணுதலையே தொழிலாகக் கொண்ட நூல்நிலையத்தார் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் உளர். 2020-ஆம் ஆண்டிற் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது அவர்தம் சங்கம் தளராது நின்ற வகையினையும், அதனால் யாது பயன் என்பதனையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அந்நாட்டு அரசாங்க அச்சகத்தின் வெளியீடுகளைப் பெற்று, கேட்பார் எவர்க்கும் கட்டணமின்றிக் காட்டக் கடமைப்பட்ட நூல்நிலையங்கள் ஏறத்தாழ 1,100 உள. இம்முறைக்கு வித்திட்டது 1813-ஆம் ஆண்டுத் தீர்மானம். அதனை விரிவாக்கியது 1962-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே நூல் பல ஊர்களிற் பலர் கையில் இருத்தலே இதன் உயிர்நிலை. ஓரிடத்துப் படி அழிந்தாலும், பிறிதோரிடத்துப் படி சான்றாய் நிற்குமன்றோ? இத்துறையிற் பணிபுரிவோர் 1972-இல் அமெரிக்க நூல்நிலையச் சங்கத்தினுள் ‘அரசாங்க ஆவண வட்டமேஜை’ என்னும் பிரிவாக ஒன்றுகூடினர். வட்டமேஜை என்றவுடன் 1930-இல் லண்டனிற் கூடிய மகாநாடு நம் நினைவுக்கு வருதல் இயல்பே. இவர்தம் மேஜையிற் சச்சரவு குறைவு, அட்டவணை மிகுதி என எண்ணிக்கொள்ளலாம்.

2020 மார்ச்சில் நூல்நிலையங்கள் அடைபட்டன. ஜூன் மாதம் சிகாகோவிற் கூடவிருந்த ஆண்டு மகாநாடும் கைவிடப்பட்டது. 1945-இல் யுத்தத்தால் தடைப்பட்டபின் அஃது அங்ஙனம் நின்றது அதுவே முதன்முறை. வட்டமேஜையார் தத்தம் இல்லங்களிலிருந்தே கணினித் திரை வாயிலாகக் கூடினர். கூடி, வழக்கமான அலுவல்களை நடத்தினர். பூட்டிய அலமாரியைத் திரைக்கூட்டம் திறந்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் ஒரு வசதி இருந்தது. அந்நாட்டு மத்திய அரசாங்க ஊழியர் அலுவல்முறையில் எழுதியவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. ஆகலின் ஒளிப்படியாகச் சேமிக்கப்பட்டிருந்த பழைய வெளியீடுகள் பலவற்றை எவரும் தடையின்றி வீட்டிலிருந்தே படிக்க இயன்றது. அவ்வாறு சேமித்த நிலையங்களுள் ஒன்றன் பெயர் ஹாத்தி டிரஸ்ட். ஹாத்தி என்பது நம் நாட்டு இந்திச் சொல்லே. மறதியற்ற விலங்கென்று யானையைக் கருதி அப்பெயரிட்டனராம்.

குடிக்கணக்கின் செய்தியோ வருந்தத்தக்கது. அவ்வாண்டுதான் இணைய வழியே விடையளித்தல் முதன்மையான முறையாக்கப்பட்டது. கணினியில்லா ஏழைகள் பொது நூல்நிலையத்தையே நம்பியிருக்க, அந்நிலையங்கள் மூடிக்கிடந்தன! முடிவுநாளும் நிலைகொள்ளவில்லை. முதலில் ஜூலை 31 என்றனர். பின்னர் அக்டோபர் 31 என நீட்டினர். ஆகஸ்டில் அதனைச் செப்டம்பர் 30 எனக் குறுக்கினர். வழக்குகள் எழுந்து உயர்தனி நீதிமன்றம் வரை சென்றபின் அக்டோபர் 15-இல் முடிந்தது. இன்று எந்நாள் செல்லும் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்த காலம் அது. தம்முட் பேசிக்கொள்ளாத நூல்நிலையத்தார் அதனை எங்ஙனம் சொல்லியிருக்க முடியும்?

இதனினும் நம் கருத்தை ஈர்த்தது மற்றொன்று. அவசர காலத்துக்கென அரசாங்கம் மருந்தும் கருவியும் சேமித்துவைக்கும் பண்டகசாலை ஒன்றுண்டு. அது மாகாணங்களின் கிடங்கு அன்று என்னும் பொருள்பட, குடியரசுத் தலைவரின் மருமகர் 2020 ஏப்ரல் 2-இல் உரைத்தார். மறுநாளே அப்பண்டகசாலையைப் பற்றிய அரசாங்க இணையப் பக்கத்தின் வாசகம் மாறியது. மாகாணத்தார் வேண்டும்போது தேவையானவை சேர்வதை உறுதிசெய்வது என்றிருந்தது, அவர்தம் இருப்புக்குத் துணைசெய்வது என்றாயிற்று. மாற்றம் முன்னரே தொடங்கியதென்று இலாகாவினர் கூறினர், இருக்கலாம். ஆயின் முன்பு என்ன எழுதியிருந்தது என்பதனை நாம் அறிவது எதனால்? இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகம் பழைய பக்கத்தைப் படியெடுத்து வைத்திருந்தமையாலேயே. ஏடுகள் அழிந்தமையாற் பழைய பாடம் எது, பிற்காலத்தார் திருத்தம் எது எனத் தெளியாது இடர்ப்படும் தமிழ் மாணவராகிய நமக்கு இதன் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அச்சு நூலிற் பாடபேதம் இரு படிகளை ஒப்பிட்டால் வெளிப்படும். இணையப் பக்கத்திலோ பழைய பாடம் சுவடின்றி மறையும். இது கருதியே 2008 முதல் ஆட்சிக்காலம் முடியுந்தோறும் அரசாங்க இணையப் பக்கங்களைத் திரட்டும் கூட்டுமுயற்சி ஒன்று நடந்துவருகின்றது. கொள்ளைநோய்க்கு நடுவே, 2020-இலும் அது நின்றிலது.

இத்தகைய காவலின் பயன் உடனே விளையாது. 1918-இல் விஷக்காய்ச்சல் பரவியபோது, அமெரிக்கக் குடிக்கணக்கு அலுவலகம் பெருநகரங்களின் இறப்புத் தொகையை வாரந்தோறும் வெளியிட்டது. வெறும் எண்கள் நிறைந்த தாள்கள் அவை. அவற்றைக் கொண்டு 43 நகரங்களின் நிலையை ஆராய்ந்த அறிஞர் சிலர், பள்ளிகளை மூடுதல், கூட்டங்களைத் தடுத்தல் முதலியவற்றை விரைந்து தொடங்கி நெடிது கைக்கொண்ட நகரங்களில் இறப்பு குறைவாயிருந்தது என 2007-இல் எழுதினர். 2020-இற் கல்லூரிகளை மூடலாமா என்று அதிகாரிகள் ஆலோசித்தபோது அவ்வாராய்ச்சி பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. இடையில் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள், இவை எதற்காகும் என்று வினவாமல் அத்தாள்களை எவரோ அடுக்கிவைத்திருந்தனர்.

2022 ஜூனில் வாஷிங்டன் நகரிற் சங்கத்தின் ஆண்டு மகாநாடு மீண்டும் நேர்முகமாகக் கூடியது.