மூச்சுக்கு வழி

தில்லியில் குளிர்காலம் தொடங்கியதும், பெட்டியில் மடித்து வைத்த ரஜாய்கள் வெளியே எடுக்கப்படும். அப்போதெல்லாம் ஒரு தமிழ்க் குடும்பத்துச் சிறுமிக்கு மூக்கடைப்பு வந்துவிடும். இரவில் வாயால் மூச்சு விடுவாள், உறக்கம் கெடும், மறுநாள் வகுப்பில் கண்கள் சொருகும். கடையில் வாங்கிய சொட்டு மருந்தை 20 நாள்கள் இட்டனர். அடைப்பு முன்னிலும் மிகுந்தது.

மருத்துவர் முதலில் மருந்து எழுதவில்லை. "எப்போது மிகுதியாகிறது? தும்மல் உண்டா?" என்று வினவினார். ரஜாயை உதறினால் தொடர்ந்து தும்மல் வருவதாகச் சிறுமி கூறினாள். காரணம் புலப்பட்டது.

மூக்கு, காற்றை வெதுவெதுப்பாக்கி, ஈரமூட்டி, தூசியை வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்புகிறது. அதன் உட்புறச் சவ்வில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. படுக்கைத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளின் கழிவு சிலருக்கு ஒவ்வாது. அது பட்டவுடன் குழாய்கள் விரியும், சவ்வு வீங்கும், மூச்சுவழி குறுகும். எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு நீங்காதிருப்பது இதனால்தான்.

அடைப்பு நீக்கும் சொட்டு மருந்து அக்குழாய்களைச் சுருக்கும். சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து இட்டால், மருந்தின் ஆற்றல் தணிந்ததும் அவை மீண்டும் விரிந்து அடைப்பை மிகுவிக்கும்.

வீட்டார் அச்சொட்டு மருந்தை நிறுத்தி, மருத்துவர் தந்த வேறு மருந்தைக் கொடுத்தனர். ரஜாய்க்கு உறையிட்டு, அவ்வுறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தனர். கொதித்து ஆறிய 250 மி.லி. நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சிறுமியின் மூக்கைக் கழுவினர். இதற்குக் கொதிக்காத நீரைப் பயன்படுத்தலாகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்து உயிரைப் பறிக்கக்கூடும். பாட்டி ஆவி பிடிக்கச் சொன்னார். கொதிநீர் கவிழ்ந்தால் உடல் வெந்துவிடும் என்று மருத்துவர் அதைத் தடுத்தார்.

சில வாரங்களில் சிறுமி வாய்மூடி உறங்கினாள்.

மூக்கின் நடுத்தடுப்பு வளைந்திருந்தாலும், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதை வளர்ந்தாலும் அடைப்பு உண்டாகும். ஆகவே, வாரக்கணக்கில் நீடிக்கும் மூக்கடைப்பை மருத்துவரிடம் காட்டிக் காரணம் அறிதல் வேண்டும்.

சொற்பொருள்
சவ்வு – மெல்லிய தோல்
ஒவ்வாது – உடலுக்குப் பொருந்தாது
புலப்பட்டது – தெரிந்தது

வினாக்கள்
1. சொட்டு மருந்து இட்டும் அடைப்பு மிகுந்தது ஏன்?
2. மூக்கைக் கழுவ எத்தகைய நீர் வேண்டும்? ஏன்?
3. ஆவி பிடிக்காததன் காரணத்தை விளக்கி, சிறுமி தன் பாட்டிக்கு எழுதுவதுபோல் ஐந்து வரிகளில் கடிதம் எழுதுக.