பட்டறையிற் பயிலும் வித்தை

கேள்வி: பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிக்கும் என் மகளை, விடுமுறையில் கிராமத்துப் பட்டறை ஒன்றுக்குக் கைவினை பயில அனுப்பலாமா? அதனால் பிரயோசனம் உண்டா?
– ஒரு தாய், நெளுக்குளம்.

பதில்: அம்மா, தாராளமாக அனுப்புங்கள். ரவீந்திரநாத தாகூர் 1922இல் வங்கத்தின் சுருல் கிராமத்தில் ஸ்ரீநிகேதனைத் தாபித்து, நெசவும் மட்பாண்டமும் தோல் வேலையும் கல்வியின் அங்கமாக வளர இடமளித்ததும், அதே ஆதர்சத்தைத் தழுவி ஹொரணையில் எழுந்த ஸ்ரீபாலி கல்விநிலையத்துக்கு 1934இல் அவரே அடிக்கல் நாட்டியதும், கையும் சித்தமும் ஒருங்கே பயின்றாலன்றி வித்தை பூரணமாகாது என்ற திடமான நம்பிக்கையினாலேயே. சென்னைக்கு அருகே கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டல ஓவியர் கிராமத்திலும், பத்திக் முதலிய கைவினைகளை விற்ற பணமே ஓவியர்களின் ஜீவனத்துக்குத் துணைநின்றது. கைத்தொழிலைக் கலையினும் தாழ்ந்ததாக எண்ணுவோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

வன்னியில் வாழும் உங்களுக்குப் பனை இருக்கிறது. சார்வோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டியதற்குச் சாயமேற்றிப் பெட்டி இழைக்கும்போது, ஈரம் குறைந்தால் ஓலை வெடிக்கும், மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்னும் சூட்சுமத்தை, எந்தப் புத்தகத்தையும்விட, அனுபவமுள்ள ஒரு மூதாட்டியின் அருகில் அமர்ந்த விரல்களே விரைவாய்க் கற்கும். ஆகையால், ஓலை வார்வது முதல் விளிம்பு கட்டுவது வரை பிள்ளையே செய்து முடிக்க இடந்தரும் பட்டறையைத் தேடுங்கள். அவள் இழைக்கும் முதற்பெட்டி கோணலாயிருப்பினும், அதை வீட்டில் உபயோகியுங்கள்.