எண்ணெய்க் கணக்கு

திருவனந்தபுரத்தில் வாழும் நம்மில் பெரும்பாலோர் பழவங்காடி கணபதிக்குச் சிதறு தேங்காய் உடைக்காமல் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. ஆனால் அந்தத் தேங்காயின் எண்ணெயைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. "விஷம்" என்கிறது ஒன்று; "அமிர்தம்" என்கிறது மற்றொன்று. நான் மருத்துவன் அல்லன். தண்டவாளங்களோடு காலம் கழித்த ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளன். எனவே எனக்குத் தெரிந்த வழியில் விளக்க முயல்கிறேன்.

கொழுப்பு தேவையா?

கட்டாயம் தேவை. ஏ, டி, இ, கே வைட்டமின்களை உடல் ஏற்றுக்கொள்ளக் கொழுப்பு வேண்டும். ஆனால் 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும்போது, 1 கிராம் கொழுப்பு 9 கலோரி தருகிறது. ஆகவே அளவு முக்கியம்.

நேர் தண்டவாளமும் வளைந்த தண்டவாளமும்

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்களின் சங்கிலி. நிறைவுற்ற கொழுப்பில் அது நேராக இருக்கும். நேரான தண்டவாளங்களை நெருக்கி அடுக்கலாம் அல்லவா? அதனால்தான் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைகிறது. நிறைவுறாக் கொழுப்பின் சங்கிலியில் வளைவு உண்டு. வளைந்தவை நெருங்கி அடுங்கா. எனவே நல்லெண்ணெய் உறையாமல் நிற்கிறது.

பாட்டிலில் உறைவது போலவே இரத்தக் குழாயிலும் உறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது தவறு. உடலின் வெப்பம் 37 டிகிரி. உண்மையான தீங்கு வேறு. நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தால், இரத்தத்திலுள்ள எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் அகற்றும் வேகம் குறைகிறது. மிஞ்சியது குழாய்ச் சுவரில் படிகிறது. ஆகவே "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை.

எல்லாவற்றிலும் கெட்டது

1902-இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன், நிக்கல் உதவியால் எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டு வனஸ்பதி இவ்வழி வந்ததே. இம்முறையில் சில வளைவுகள் இயற்கைக்கு மாறாக நிமிர்ந்து, 'டிரான்ஸ்' கொழுப்பாகின்றன. இது கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கிறது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. ஆயினும் கடைச் சட்டியில் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய் கெட்டுப்போகும் என்பதை மறவாதீர்கள். நேந்திரங்காய் வறுவல் வாங்கும்போது எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள்.

இனி கணக்கு

நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அது 200 கலோரி. அதாவது 22 கிராம்.

தேங்காய் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. நல்லெண்ணெயில் ஏறத்தாழ ஏழில் ஒன்று.

நால்வர் உள்ள வீட்டில் மாதம் 2 லிட்டர் தேங்காய் எண்ணெய் செலவானால், ஒருவருக்கு நாளொன்றுக்கு சுமார் 17 மி.லி. அதிலேயே நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 14 கிராம். மீதி 8 கிராம். ஒரு தம்ளர் டோன்டு பாலில் 4 கிராம் போய்விடும். அவியல் தேங்காய், நெய், வறுவல் எல்லாம் எஞ்சிய 4 கிராமுக்குள் அடங்குமா?

எனவே தேங்காய் எண்ணெய் விஷமும் அன்று, அமிர்தமும் அன்று. அவியலுக்கும் தாளிப்புக்கும் அது இருக்கட்டும். மற்றச் சமையலுக்கு நல்லெண்ணெயையோ கடலை எண்ணெயையோ பயன்படுத்தலாம். எண்ணெயைக் குறைத்துவிட்டு மைதாவையும் சர்க்கரையையும் கூட்டினால் பயனில்லை.

எண்ணெய் வாங்கிய தேதியை டப்பாவில் எழுதி வையுங்கள். தீர்ந்ததும் நாட்களாலும் ஆட்களாலும் வகுத்துப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்கள் அந்த எண்ணைத் தங்கள் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவையே கடைப்பிடியுங்கள்.