ராத்திரிக் கடல்ல பார்த்தது என்ன மீன்? அக்கா சொல்றேன், கேட்டுக்க!

ஸ்கூபா கத்துக்கிட்டு அந்தமான் பக்கம் போயிட்டு வர்ற தங்கச்சிங்க எல்லாரும் போனை நீட்டிக் கேக்குறது ஒண்ணுதான்: "அக்கா, இது என்ன மீனு?" அதுவும் ராத்திரி டைவ்னா, பகல்ல நல்லாத் தெரிஞ்ச மீனே யாரோ மாதிரி நிக்கும்.

முதல் விஷயம், நிறத்தை நம்பாத. பகல்ல பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துல சிவப்பு மங்கிச் சாம்பலாத்தான் தெரியும். ராத்திரி டார்ச்சைப் பக்கத்துல பிடிச்சா அதே மீன் செக்கச் செவேல்னு இருக்கும். போதாததுக்குத் தூங்குற மீன் நிறத்தையே மாத்திக்கிடும். பகல்ல வெளுப்பாத் திரியிற நவரை, ராத்திரி மணல்ல படுத்துட்டுத் திட்டுத் திட்டாச் சிவந்து கிடக்கும். அப்போ தாடைக்குக் கீழ ரெண்டு மீசை இருக்கான்னு பாரு. இருந்தா நவரைதான். ஓரா மீனும் அழுக்குத் திட்டாகிப் பாசியோட பாசியா ஒதுங்கியிருக்கும். அது முள்ளுல விஷம் உண்டு, கையைக் கிட்டக் கொண்டு போகாத. கிளிமீன்ல சில வகை தன்னைச் சுத்திக் கண்ணாடி மாதிரி ஒரு சளி உறை கட்டிட்டுத் தூங்கும். முகத்துல டார்ச் அடிச்சு எழுப்பினா, பயந்து பவளப்பாறையில போய் முட்டிக்கிடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டுல பிடி, ரெண்டு படம் எடு, நகர்ந்துடு.

நிறம் போனா எதைப் பாக்குறது? வாலையும் வாயையும். வாய் பெருசு, வால் முனை உருண்டைன்னா பெரும்பாலும் களவா. வால் ஆழமாப் பிளந்து, வாலடியில ரம்பம் மாதிரிச் சொரசொரன்னு செதில் வரிசை இருந்தா பாரை. தண்ணிக்குள்ள எழுதுற ஸ்லேட்ல பேர் எழுதாத, மீனோட வெளிக்கோட்டை வரை. பக்கத்துலயே ஆழம், மணலா பாறையா, தனியா கூட்டமா, இவ்வளவும் குறிச்சுக்க. போட்டோவுல மூஞ்சி மட்டும் இருந்தா ஒண்ணும் பிரயோஜனமில்ல. தலையிலருந்து வால் வரை ஒரு பக்கம் முழுசா வேணும்.

பெருசாக் குழப்புறது பெரிய கண்ணு, சிவப்பு உடம்புக் கூட்டம். ராத்திரி இரை தேடுறதுக்குன்னே இருக்குற மீன்கள், அதான் அவ்வளவு பெரிய கண்ணு. கன்னத்துல, செவுள் மூடிக்கு முன்னால நீட்டமா ஒரு முள்ளு தெரிஞ்சா அணில் மீன். அந்த முள்ளு இல்லன்னா சோல்ஜர் மீன். விரல் நீளந்தான், முதுகுல ரெண்டு துடுப்பு தனித்தனியா நிக்குதுன்னா கார்டினல். வாயில முட்டையை வச்சுக்கிட்டு வீங்கின தாடையோட நின்னா அது ஆண் கார்டினல். அடைகாக்குறது அப்பன் வேலை! முதுகுத்துடுப்பு ஒரே நீட்டம், வாய் மேல பாத்துத் திறந்திருக்குன்னா பிக்-ஐ.

நெளிஞ்சு போறதுல கவனம். பக்கத் துடுப்பு இல்லாம, பொந்துல வாயைத் திறந்து மூடிட்டு இருந்தா அஞ்சாலை. முறைக்கல, மூச்சு விடுது, அவ்வளவுதான். வரி வரியா ஒண்ணு போகுதா? வால் பட்டையாத் தட்டையா இருந்தா கடல்பாம்பு, கூர்மையா முடிஞ்சா பாம்பு விலாங்கு. சரியாத் தெரியலன்னா பாம்புன்னே வச்சுக்கிட்டு விலகி இரு.

நம்ம தூத்துக்குடியில யார்கிட்ட கேக்கலாம்? முத்துக்குளிச்சவங்க கண்டதெல்லாம் பகல் கடல்தான். ராத்திரி கரைக்காத்துல கிளம்பி, விடிஞ்சப்புறம் முத்துச்சிப்பி இருக்குற பார்ல முங்கி, மத்தியானக் கடல்காத்துல திரும்பினாங்க. 1961-க்கு அப்புறம் அந்த முத்துக்குளிப்பும் இல்ல. ராத்திரி மீனுக்கு வலைக்காரங்கதான். விடியக்காலையில தெரஸ்புரம் போய், நாட்டுப்படகுல மீன் வந்து இறங்குறதைப் பாரு. ஏலம் முடியிற வரை குறுக்கப் போகாத, அப்புறம் போட்டோவைக் காட்டு. முதல்ல வாலைப் பாத்துத்தான் பேசுவாங்க. அவங்க சொல்ற பேரை வச்சு ஃபிஷ்பேஸ்ல தேடலாம், தமிழ்ப் பேரும் அதுல உண்டு. பிரான்சிஸ் டே 1875லருந்து 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் புத்தகத்துலயும் தமிழ்ப் பேர் இருக்கு; படங்களும் அழகு. எப்பவும் லத்தீன் பேரோட ஒத்துப்பாரு, ஊருக்கு ஊர் பேர் மாறும். வகை வரைக்கும்தான் பிடிபட்டுதுன்னா "ஏதோ ஒரு களவா"ன்னு எழுதி வை, போதும்.

கடைசியா, தூத்துக்குடியிலயே ராத்திரி முங்கணும்னு கிளம்பிடாத. வான் தீவு, கோசுவாரி, காரியாச்சல்லி எல்லாம் 1986-ல அறிவிச்ச மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவோட 21 தீவுல சேர்ந்தது, வனத்துறை அனுமதி இல்லாம போகவே கூடாது. எந்தக் கடலா இருந்தாலும் கடல் அட்டை, கடல் குதிரையைக் கையில எடுக்காத. 2001லருந்து ரெண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல இருக்கு; பிடிச்சா ஜெயில்தான்.