கிருமிக்கும் வமிசம் உண்டு

வெளியார் கண்ணுக்குப் பால்மரங்கள் யாவும் ஒன்றே. தோட்டத்தில் உழைப்போர் அறிவர்: ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒட்டுமரம் வேறு, விதையிலிருந்து வளர்ந்த மரம் வேறு. ஒரு தாய்மரத்தின் மொட்டை ஒட்டி வளர்த்தவை மரபணுவில் ஒன்றாயிருக்கும். உணவை நஞ்சாக்கும் கிருமிகளிலும் இத்தகைய வமிச வேறுபாடு உண்டு.

2018 அக்டோபரில், தாசேக் கெலுகோருக்கு அண்டை மாநிலமான கெடாவில், பாலிங் வட்டாரத்துக் கூப்பாங்கில் லக்சா உண்ட பலர் நோயுற்றனர், இருவர் மாண்டனர். சால்மோனெல்லா என்னும் கிருமியே காரணமெனக் கண்டறியப்பட்டது.

இக்கிருமியில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. டைபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் வகை மனிதரிடம் மட்டுமே வாழ்கிறது. வேறு பல வகைகள் கோழி, மாடு, பன்றி ஆகியவற்றின் குடலில் வாழ்கின்றன. அவ்விலங்குகள் நலமாகவே தோன்றலாம்.

நோய் எங்கிருந்து வந்தது என்று அறிவது எவ்வாறு? நோயாளியின் மலம், உணவு, விலங்கு ஆகியவற்றிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்து, அவற்றின் மரபணுக்களை ஒப்பிடுவர். அவை நெருங்கி ஒத்திருந்து, நோயாளிகள் உண்டதும் பொருந்தினால் மூலம் புலப்படும்.

2011இல் ஜெர்மனியில் ஈ.கோலி கிருமியால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது. அந்நாட்டு விவசாயிகள் பெருநட்டமடைந்தனர். வெள்ளரியில் இருந்த கிருமியும் ஈ.கோலியே, ஆயினும் அதன் வமிசம் வேறு! நோய் பரவியது முளைகட்டிய வெந்தயத்தால் எனப் பின்னர் தெரிந்தது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. கிருமிகள் மரபணுக்களைத் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும். மருந்தை எதிர்க்கும் ஆற்றல் விலங்கின் கிருமியிலிருந்து மனிதரின் கிருமிக்குத் தாவக்கூடும். ஆகவேதான் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் மருந்து கொடுப்பதை மலேசியா 2019இல் தடைசெய்தது.

நாம் செய்ய வேண்டியவை யாவை?

1. கோழிக்கூண்டையோ மாட்டுக்கொட்டகையையோ துப்புரவு செய்தபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக.

2. பச்சை இறைச்சி நறுக்கிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறிக்குப் பயன்படுத்தற்க.

3. கோழியையும் முட்டையையும் உட்புறம்வரை வேகவைத்து உண்க. சால்மோனெல்லா எவ்வமிசத்தைச் சேர்ந்ததாயினும் அவ்வெப்பத்தில் மடியும்.

4. ஒரே உணவை உண்ட பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டால், உடனே அரசாங்க மருந்தகத்துக்குச் செல்க. உண்டவற்றை மறைக்காது கூறுக. மலப் பரிசோதனைக்குக் கூச்சப்பட வேண்டாம்.

5. பிறருக்குக் கொடுத்த கிருமிக்கொல்லி மாத்திரையை நீங்கள் விழுங்கற்க.

நீங்கள் கொடுக்கும் சிறு மாதிரியே கிருமியின் பிறப்பிடத்தைக் காட்டும். அடுத்த வீட்டுக் குழந்தையின் உயிரையும் அது காக்கக்கூடும்.