தேங்காயைத் தேரை தொடவில்லை

நாகரசம்பட்டிப் பக்கம் எந்தத் தென்னந்தோப்புக்குப் போனாலும் ஒரு காயை உடைத்துக் கையில் கொடுக்கிறார்கள். மட்டை உண்டு, ஓடு உண்டு, உள்ளே பருப்பு இல்லை. "தேரை விழுந்துடுச்சுங்க சார்." வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்த காலம் முழுக்கக் கேட்ட பேச்சு. ஓய்வு பெற்ற பிறகும் நிற்கவில்லை. போன மாதம் ஒருவர், என் பேச்சைக் கேட்டுக் கொல்லையில் வெட்டிய சிறு குட்டையை மண் போட்டு மூடிவிட்டார். தேரை சேர்கிறதாம், காய் கெடுகிறதாம்.

பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. தேரைக்குப் பல்லே கிடையாது. எறும்பு, கரையான், வண்டு என்று நாக்கால் பிடித்து முழுசாக விழுங்கும். நாம் அரிவாள் கொண்டு பிளக்கும் மட்டையை அது எதைக் கொண்டு துளைக்கும்? தென்னை உச்சிவரை ஏறவும் அதற்கு வராது. விரல் நுனியில் ஒட்டும் வட்டு இருப்பது மரத்தவளைக்கு. அதுவும் பூச்சி தேடித்தான் ஏறுகிறது.

பருப்பு பிடிக்காததற்கு முக்கியக் காரணம் மரத்தின் பட்டினி. மகரந்தம் சரியாகச் சேராவிட்டாலும், சாம்பல் சத்தும் போரானும் குறைந்தாலும் மட்டை வளரும், உள்ளே ஒன்றும் இருக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதை ஒல்லிக்காய் என்கிறது. வழக்கமான உரத்துக்கு மேல் மரத்துக்கு 2 கிலோ பொட்டாஷ், 200 கிராம் போராக்ஸ், 3 ஆண்டு தொடர்ந்து போடச் சொல்கிறது. ஏன் 3 ஆண்டு? பாளை வெடிப்பதற்கு ஏறத்தாழ 32 மாதம் முன்பே அதன் கரு மரத்துக்குள் உருவாகிவிடுகிறது. வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் 12 மாதம். இன்று உடைத்த வெறுங்காய்க்கு நேற்று ராத்திரி வரப்பில் பார்த்த தேரையைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? உரத்துக்குச் செலவு செய்ய மனமில்லாமல் வாயில்லாத ஜீவன்மேல் உப்பை அள்ளிக் கொட்டுகிறார்கள். அதன் தோல் வழியாகத்தான் நீர் போகிறது, வருகிறது. உப்பு பட்டால் துடித்துச் சாகும். இதைச் செய்பவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

குழந்தை மெலிந்தாலும் தேரை தோஷம் என்கிறார்கள். மந்திரிக்க ஓடாதீர்கள், அங்கன்வாடியில் எடை பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். தொட்டால் மரு வருமா? மரு வைரஸால் வருவது. விஷமா? கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் விஷம் உண்டு. கவ்விய நாய்க்கு வாயில் நுரை தள்ளும். நீங்கள் கவ்வப் போவதில்லை, தொட்ட கையைக் கழுவினால் போதும். குட்டை வெட்டினால் டெங்கு வருமா? அந்தக் கொசு தேடுவது டிரம், தொட்டி, பழைய டயர். முதலில் மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்கள். குட்டையில் மற்ற கொசு முட்டையிடலாம்தான். அந்தப் புழுவைத் தின்னத் தட்டான் குஞ்சுகள் வரும். அதற்காகக் கம்பூசியா மீனை வாங்கி விடாதீர்கள், அது தவளைக் குஞ்சுகளையும் கடித்துக் குதறும்.

ஓசூர் தொடங்கி எங்கள் ஊர்வரை மனை போடுகிறவர்கள் முற்றம் முழுக்கக் கல் பாவி, நாலு பக்கமும் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். மழைத் தண்ணீர் தங்கவும் இடமில்லை, தேரை நுழையவும் வழியில்லை. சுவரடியில் ஒரு சாண் திறப்பு விடுங்கள். நாலடி அகலத்தில் பள்ளம் வெட்டுங்கள். நடுவில் ஓரடி ஆழம் போதும். ஒரு பக்கமாவது சரிவாக இருக்கட்டும். செங்குத்தாகச் சிமென்ட் பூசினால் குஞ்சுத் தேரை ஏற முடியாமல் செத்துப்போகும். நடக்கப் பழகும் பிள்ளை வீட்டில் இருந்தால் சுற்றி வேலி கட்டாயம். கரையில் நாலு கல்லும் கொஞ்சம் சருகும் போடுங்கள். பக்கத்தில் களைக்கொல்லி அடிக்காதீர்கள். தேரையைப் பிடித்து வந்து விடவும் வேண்டாம். பெருமழை பெய்த ராத்திரி அதுவே வரும். விடிந்ததும் பாருங்கள்: கறுப்பு மணி கோத்த கண்ணாடிக் கயிறுபோல முட்டைச்சரம் செடியைச் சுற்றிக் கிடக்கும்.