ஆணைவாரி முட்டல் அருவி

ஆத்தூர் வசிஷ்ட நதிக்கரையில் அமைந்த பழைய ஊர். அதன் வடபால் கல்வராயன்மலை நீண்டு கிடக்கின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த அம்மலையின் அடியில் முட்டல் என்னும் சிற்றூர் உளது. அங்கே ஓர் ஏரியும், காட்டினுள்ளே ஆணைவாரி முட்டல் அருவியும் உள்ளன. வனத்துறையினர் அவ்விடத்தைச் சூழலியற் சுற்றுலாவிற்கு உரியதாக அமைத்துள்ளனர். ஏரியில் மக்கள் படகேறி மகிழ்கின்றனர், அருவியில் நீராடுகின்றனர்.

சுற்றுலா என்பது புதுச்சொல்லாயினும், உலா என்பது பழஞ்சொல்லே. தலைவன் வீதியில் பவனி வருதலைப் பாடும் சிற்றிலக்கியத்திற்கு உலா என்று பெயர். அன்று உலா வருவானைக் காண ஊரார் காத்திருந்தனர். இன்று ஊரைக் காண மக்கள் உலா வருகின்றனர். காட்டிற்குக் கேடு நேராமலும், அங்கு வாழ்வார்க்கு ஊதியம் கிடைக்குமாறும் நிகழும் உலாவே சூழலியற் சுற்றுலா எனப்படும்.

வளரும் நாடுகளுக்கு இஃது ஏற்ற தொழில். ஆலை நிறுவப் பெரும்பொருள் வேண்டும். மலையும் அருவியுமோ முன்னரே உள்ளன. நேபாள நாட்டிலே இமயமலை ஏறுவார்க்குத் துணையாகச் சென்று செர்ப்பா மக்கள் பலர் பிழைக்கின்றனர். வேண்டுவன வழியும், வழிகாட்டியும், காவலுமே. இவற்றுள் வழியமைக்கக் காட்டும் ஊக்கத்தைக் காவலுக்குக் காட்டுவார் சிலரே.

காவலின் அருமையை 2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இவ்வருவியே உணர்த்திற்று. மலைமீது பெய்த மழையால் திடீரென வெள்ளம் பெருகியது. குழந்தையுடன் வந்த தாயொருத்தி அருவியருகே பாறையில் அகப்பட்டுக்கொண்டாள். கீழே சிவந்த வெள்ளம். மேலே வழுக்குப் பாறை. சிலர் துணிந்து பாறையில் ஏறி, கயிற்றின் துணைகொண்டு இருவரையும் மேலேற்றினர். அவர்கள் கரை சேர்ந்தபின், காப்பாற்றியவருள் இருவர் கால் வழுக்கி வெள்ளத்தில் வீழ்ந்தனர். நீந்திக் கரையேறி உயிர் தப்பினர். அத்தீரச் செயலைத் தமிழக முதலமைச்சர் பாராட்டினார்.

அருவிக்குச் செல்வோர் ஒன்றை அறிதல் வேண்டும். அடிவாரத்தில் வெயில் காயும்போதே மலையுச்சியில் மழை கொட்டக்கூடும். அந்நீர் ஓடைகள் பலவற்றால் திரண்டு சிறிது நேரத்திற்குள் கீழிறங்கும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், இரைச்சல் மிகுதல் ஆகியன அதன் முன்னறிகுறிகள். நகரத்தார் இவற்றைக் கண்டும் வேடிக்கை பார்த்து நிற்பர். மலையிற் பிறந்து வளர்ந்தவரோ அப்போதே கரையேறிவிடுவர்.

இவ்வறிவுதான் விலை பெறத்தக்கது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றோர் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு 40 மலையேற்ற வழிகளை வகுத்தபோது, பழங்குடி இளைஞரையும் காட்டோர ஊர்களின் இளைஞரையும் பயிற்றி வழிகாட்டிகளாக அமர்த்தியது. அவர்தம் பாட்டன்மார் தேனுக்கும் விறகுக்கும் நடந்த வழிகள் பேரர்க்குக் கூலி தருகின்றன.

முட்டலில் வெள்ளக் காலத்தில் அருவிக்குச் செல்லத் தடை விதிப்பர். ஆத்தூரில் வானம் தெளிந்திருக்க, நெடுந்தொலைவிலிருந்து குடும்பத்துடன் வந்தோர் வழி அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டு சினந்து பேசுவதுண்டு. காவலர் மலையுச்சியின் கருமுகிலைச் சுட்டிக் காட்டுவார்.